தனியார் கம்பனிக்குள் அரசாங்கம்: எந்த வழியாக வருகிறது, எங்கே கேள்வி கேட்கலாம்

கேள்வி இது: கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பனியில் திறைசேரி, ஊழியர் சேமலாப நிதியம், அரச காப்புறுதி நிறுவனம் மூன்றும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. ஆட்சி மாறியதும் தலைவரும் மாறினார். பதிவில் அது தனியார் துறைக் கம்பனிதான். அதை நடத்த அரசாங்கத்துக்கு உரிமை உண்டா? அங்கே பணிப்பாளராகச் சேரச் சம்மதித்த ஒருவர் எதைக் கவனிக்க வேண்டும்? சிறு பங்குதாரருக்கு என்ன வழி இருக்கிறது?

உரிமை உண்டு. ஆனால் எந்தப் பங்குதாரருக்கும் உள்ள உரிமைதான் அது, அதற்கு மேல் எதுவும் தானாக வந்துவிடாது. நம்மவர்கள் வீதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: 20 வீதமா, 40 வீதமா என்று. அதைவிட முக்கியமானது, ஒரு கட்டளை எந்த வழியாகக் கம்பனிக்குள் வந்தது என்பது. பொதுக்கூட்டத் தீர்மானமாக வந்ததா, ஒழுங்குபடுத்தும் நிறுவனத்தின் எழுத்துமூலப் பணிப்பாக வந்ததா, பாராளுமன்றச் சட்டமாக வந்ததா, அல்லது அமைச்சிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பாக வந்ததா? முதல் மூன்றுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, எதிர்த்து வழக்காடவும் இடம் இருக்கிறது (பாராளுமன்றச் சட்டத்தை மட்டும் அது சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும்). நான்காவதுக்கு இரண்டும் இல்லை. சேதம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

முதலில் ‘அரசாங்கப் பங்கு’ என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடுவதை நிறுத்த வேண்டும். திறைசேரிச் செயலாளரின் பெயரில் இருக்கும் பங்கு அரசாங்கத்தின் சொத்து. சேமலாப நிதியத்தின் பெயரில் இருப்பது அப்படியல்ல. அது ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் சேர்த்து உருவான பணம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதை முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியிடம் இருக்கிறது. அந்தப் பங்குகளுக்குரிய வாக்கு உறுப்பினர்களின் நலனுக்காகப் போட வேண்டிய வாக்கு. காப்புறுதி நிறுவனம் தன் காப்புறுதிதாரருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆக மூன்று கைகள், மூன்று எசமானர்கள். மூவரும் ஒரே அமைச்சரின் சொல்லுக்கு ஒன்றாகக் கை உயர்த்தினால், சேமலாப நிதிய உறுப்பினராக அதைக் கேள்வி கேட்க நியாயம் உண்டு.

இது எப்படிப் பிழையாகிப்போகும் என்பதற்குக் கொள்ளுப்பிட்டியில் காலி வீதி ஓரமாக நிற்கும் ஹயாட் ஹோட்டல் கட்டடம் போதும். அந்தத் திட்டத்துக்கான கென்வில் ஹோல்டிங்ஸ் ஒரு தனியார் வரையறுத்த கம்பனி. அதில் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 850 கோடி ரூபாயும், அரச எரிவாயுக் கம்பனியான லிற்றோ காஸ் 500 கோடியும், சேமலாப நிதியம் 500 கோடியும் போட்டன. கடதாசியில் எல்லாம் பங்கு முதலீடு. 2015க்குப் பிறகு வேலை நின்றது, பணமும் சீமெந்துக்குள் நின்றது. உடனே விற்க முடியாத, பங்கிலாபம் தராத, சந்தை விலை இல்லாத ஒரு சொத்தில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டதுதான் அங்கே நடந்த பிழை. பங்குச் சந்தையில் உள்ள கம்பனியாக இருந்தால் குறைந்தபட்சம் விலை சரிவதையாவது எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இனி வீதக் கணக்கு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி 10 வீத வாக்குரிமை இருந்தால் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்டும்படி கேட்கலாம் (134ஆம் பிரிவு). விசேட தீர்மானத்துக்கு 75 வீதம் வேண்டும். ஆகவே 25 வீதத்துக்குச் சற்று மேல் வைத்திருப்பவர் கம்பனி விதிகளை மாற்றுவதையும், சொத்துப் பெறுமதியின் பாதிக்கு மேற்பட்ட பெரிய கொடுக்கல் வாங்கலையும் (185ஆம் பிரிவு) தனியாகவே தடுத்துவிடலாம். அந்த 25 வீதத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. அரசும் அரச கூட்டுத்தாபனங்களும் சேர்ந்து 25 வீதம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், அல்லது வேறு வழியில் கட்டுப்பாடு வைத்திருந்தால், அந்தக் கம்பனி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பகிரங்க அதிகாரசபையாகிவிடும். சிறு பங்குதாரர் பலருக்கு இது தெரிவதே இல்லை. 30 வீதத்தைத் தாண்டிப் பங்கு வாங்கினால் மற்றப் பங்குதாரருக்கும் கட்டாயக் கொள்வனவு அழைப்பு விடுக்கும்படி 1995ஆம் ஆண்டின் கையேற்றல் கோவை சொல்கிறது. கூட்டாகச் செயற்படுவோர் வாங்குவதும் அதில் அடங்கும். 50 வீதத்தை எட்டியதும் அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி கணக்காய்வாளர் நாயகத்தின் கணக்காய்வு வந்துவிடும். அந்த நிலையில் உள்ள கம்பனிகளைப் அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் அழைத்துக் கேட்கும். 49.5 வீதத்தில் நிற்கும் ஶ்ரீலங்கா டெலிகொம் போன்ற கம்பனிகளைப் பார்க்கும்போது இந்த அரை வீத வித்தியாசத்தின் எடை விளங்கும்.

ஒரே ஒரு பங்கில் அரசாங்கம் உட்கார்ந்திருக்கும் இடமும் இருக்கிறது. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, முதலில் முகாமைத்துவ ஒப்பந்தத்திலும் பின்னர் பெரும்பான்மைப் பங்கு விற்பனையிலும் தனியாரிடம் போயின. காணி அரசினுடையது, கம்பனியிடம் இருப்பது நீண்டகாலக் குத்தகை. இந்தக் கம்பனிகளின் ஆண்டறிக்கையைத் திறந்து பங்கு மூலதனக் குறிப்பைப் பாருங்கள்: கோல்டன் ஷெயார் என்ற 10 ரூபாய்ப் பங்கு ஒன்று, திறைசேரிச் செயலாளரின் பெயரில் இருக்கும். அந்த ஒரு பங்கின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தோட்டக் காணியை உபகுத்தகைக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வார எழுத்துமூல அறிவித்தலில் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கலாம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை, நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள் ஆண்டுத் தகவல், கேட்டால் காலாண்டுக்கு ஒருமுறை பணிப்பாளர் சபையுடன் சந்திப்பு: எல்லாம் கம்பனி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. என் பார்வையில் அரசாங்கம் ஒரு தனியார் கம்பனிக்குள் இருக்க வேண்டுமானால் இதுதான் ஒழுங்கான வடிவம். எதில் தலையிடலாம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது, பங்கு வாங்குபவர் வாசித்துவிட்டு வாங்குகிறார். அதே தோட்டங்களில் சம்பளத்தை அரசாங்கம் தீர்மானிப்பது வேறு வழி. 2021இல் நாளொன்றுக்கு 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்பவை சம்பள நிர்ணய சபையூடாகவும் வர்த்தமானியூடாகவும் வந்தவை. கோல்டன் ஷெயாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, திறைசேரிக்குப் பங்கு இருப்பதால்தான் சம்பளம் இப்படி என்று பேசுவது தவறு.

சட்டத்தால் நேரடியாகக் கைவைக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971இல் வந்த 35ஆம் இலக்க வணிகச் சுவீகரிப்புச் சட்டம், 1973இல் லேக் ஹவுஸின் 75 வீதப் பங்குகளைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் கொடுத்த விசேட சட்டம், 2011இல் ஹில்டன் ஹோட்டலின் உரிமைக் கம்பனி, பெலவத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகள் உட்பட 37 நிறுவனங்களை ஒரு அட்டவணையில் போட்டு எடுத்த 43ஆம் இலக்கச் சட்டம் என்று வரலாறு நீளம். தினகரன் அச்சாகும் லேக் ஹவுஸ் இன்றும் சட்டப்படி ஒரு வரையறுத்த கம்பனிதான். ஆனால் அதன் சபையை யார் அமைக்கிறார்கள் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றமே உரிமையை மாற்றிய சம்பவமும் உண்டு. 2003இல் தனியாருக்கு விற்ற இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையை 2009 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லாதாக்கியது. அந்தத் தீர்ப்போடு காப்புறுதி நிறுவனம் மட்டுமல்ல, அது வங்கிகளிலும் நாரஹேன்பிட்டி லங்கா ஹொஸ்பிட்டல்ஸிலும் வைத்திருந்த பங்குகளின் வாக்கும் அரச கைக்கு வந்தது. ஆக, பங்குதாரர் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்தால் அந்தப் பெயரின் பின்னால் யார் என்றும் பார்க்க வேண்டும்.

ஒழுங்குபடுத்தும் நிறுவனம் உள்ளே வருவது வேறு, அதற்கு நான் ஆதரவு. 2008 டிசெம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தபோது, அதே குழுமத்தோடு தொடர்புடையது என்பதால் செலான் வங்கியின் வாசலில் வைப்பாளர்கள் குவிந்தார்கள். மத்திய வங்கி அந்த மாதம் முடியும் முன்பே அதன் முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. வைப்பாளர்கள் பணத்தை எடுக்க ஓடிய ஓட்டம் நின்றது, வங்கி பிழைத்தது. கோல்டன் கீ, வைப்பு வாங்க மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனம் அல்ல. அங்கே பணம் போட்டவர்கள் நெடுங்காலம் நீதிமன்றப் படியேறினார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு உரிமமும் அதோடு வரும் சட்ட அதிகாரமும்தான்.

அனுமதிப்பத்திரத்தின் வழியாக வரும் அழுத்தம் இதற்கு நேர்மாறு. 1998 முதல் எமிரேட்ஸ் நிறுவனம் ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸில் சிறுபான்மைப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, பத்தாண்டு முகாமைத்துவ ஒப்பந்தத்தால் விமான சேவையை நடத்தியது. பெரும்பான்மைப் பங்கு அரசாங்கத்திடம். 2007 டிசெம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதி குழுவுக்காக ஏற்கெனவே பதிவு செய்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. அதன் பிறகு பிரதம நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா இரத்தானது. பங்குதாரராக ஒரு தீர்மானமும் தேவைப்படவில்லை, குடிவரவு முத்திரை போதுமாக இருந்தது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து எமிரேட்ஸ் முகாமைத்துவத்திலிருந்து விலகியது. அதற்குப் பிறகு திறைசேரி அந்த விமான சேவைக்காகச் சுமந்த நட்டம் நாடறிந்தது. முதலீட்டாளர் ஒப்பந்தத்தில் விசா, இறக்குமதி அனுமதி, வரிச் சலுகை ஆகியவற்றைத் தனி வாசகங்களாக எழுதச் சொல்லிச் சட்டத்தரணிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனிப் பணிப்பாளராகப் போகிறவருக்கு. அமைச்சிலிருந்து வரும் கடிதம் நியமனம் அல்ல, அது வெறும் பெயர்க்குறிப்பீடு. பட்டியலிட்ட கம்பனியில் ஒருவர் பணிப்பாளராவதற்கு வழக்கமாக இரண்டு வாசல்கள்: பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்வது, அல்லது ஏற்பட்ட வெற்றிடத்தை அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை சபையே நிரப்புவது. குறிப்பிட்ட பங்குதாரருக்குப் பணிப்பாளரை நியமிக்கும் உரிமை கம்பனி விதிகளில் எழுதியிருந்தால் அது மூன்றாவது. ஆகவே முதல் வேலை, கம்பனிச் செயலாளரிடம் விதிகளின் பிரதியைக் கேட்டு அந்தப் பக்கத்தை வாசிப்பது. செயலாளர் தர இழுத்தடித்தால், டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். பிறகு 18ஆம் படிவத்தில் உங்கள் சம்மதம், 20 வேலை நாளுக்குள் 20ஆம் படிவத்தில் பதிவாளருக்கு அறிவித்தல், பங்குச் சந்தைக்கு உடனடி வெளிப்படுத்தல். வங்கியாக இருந்தால் இவற்றுக்கெல்லாம் முன்பு மத்திய வங்கியின் தகுதிச் சான்று. தலைவரைத் தெரிவு செய்வதும், விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், சபையின் வேலை.

இந்த வரிசை குழம்பினால் என்ன நடக்கும்? பத்திரிகையில் பெயர் வந்த கையோடு புதியவர் கதிரையில் அமர்ந்து காசோலையிலும் கடன் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கத் தொடங்குவார். வங்கியின் கையெழுத்து அதிகாரப் பத்திரத்தில் பழையவரின் பெயர் இருக்கும். இறக்குமதிக்கு வங்கி உத்தரவாதம் தரும் நாணயக் கடிதம் திறக்கப் போகும்போது வங்கி நிறுத்திவிடும். மறுபக்கம், ஆட்சி மாறிய வாரத்தில் எல்லோரும் ஒன்றாக ராஜினாமாக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையான கோரம் விழுந்துவிடும். சபை கூட முடியாது, சம்பளப் பட்டியல் ஒப்புதலுக்குக் காத்திருக்கும், சேமலாப நிதியப் பங்களிப்பு அடுத்த மாத இறுதியைத் தாண்டினால் மிகைக்கட்டணம் ஏறும். ராஜினாமா கம்பனிக்குக் கொடுக்கும் கையெழுத்திட்ட கடிதமாக இருக்க வேண்டும், ஊடக அறிக்கையாக அல்ல. ஒருவர் போகும் முன் இன்னொருவரை நிரப்பிக்கொள்வது அடிப்படை ஒழுங்கு.

உள்ளே போன பிறகு மனதில் வைக்க வேண்டியது கம்பனிகள் சட்டத்தின் 187ஆம் பிரிவு. பணிப்பாளர் நல்லெண்ணத்தோடு, கம்பனியின் நலன் என்று தான் நம்புவதற்கேற்பச் செயற்பட வேண்டும். உங்களைப் பெயர்குறித்தது திறைசேரியா, சேமலாப நிதியமா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. 189ஆம் பிரிவு கவனயீனத்துக்கும் பொறுப்புக் கூறவைக்கிறது. “மேலிடம் சொன்னது” என்பது நீதிமன்றத்தில் நிற்கும் விடையல்ல. இன்னொன்று: யாருடைய பணிப்புக்கேற்பப் பணிப்பாளர்கள் நடந்து பழகியிருக்கிறார்களோ அவரும் பணிப்பாளர் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரக்கூடும். சபையில் உட்காராமலே தொலைபேசியில் கம்பனியை நடத்துபவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அந்த அழைப்பு வரும்போது வேண்டுகோள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தொகுதியிலிருந்து இத்தனை பேருக்கு வேலை, இன்ன விழாவுக்கு அனுசரணை, உபரிப் பணத்தை இந்த வங்கியில் வைப்பு, இந்த விநியோகத்தருக்குக் கேள்விப்பத்திரம். சண்டை பிடிக்கத் தேவையில்லை. “எழுத்தில் அனுப்புங்கள், சபைக்குப் பத்திரமாக வைக்கிறேன்” என்று சொன்னாலே பாதி வேண்டுகோள்கள் திரும்பி வருவதில்லை. எழுத்தில் வந்தால் சபைப் பத்திரம் தயாரிக்கச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு, கம்பனிக்குக் கிடைப்பது என்ன, மாற்று வழி என்ன, கேட்டவர் யார் என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்த வேண்டுகோளோடு தொடர்புள்ள பணிப்பாளர் 192ஆம் பிரிவின்படி தன் அக்கறையை வெளிப்படுத்த வேண்டும். நீங்கள் உடன்படாவிட்டால், “கலந்துரையாடப்பட்டது” என்று பொதுவாக எழுதவிடாமல், உங்கள் பெயரோடு மறுப்பைக் கூட்டக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிப்படுத்தும்போது அந்த வரி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். காணாமற்போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

பங்கிலாபமும் இப்படித்தான். ஆண்டு முடிவில் திறைசேரிக்குப் பணம் தேவைப்படும்போது இடைக்காலப் பங்கிலாபம் கேட்பார்கள். கேட்பது பங்குதாரரின் உரிமை. கொடுக்கும் முன் 56, 57ஆம் பிரிவுகளின்படி கம்பனி கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையில் தேற வேண்டும், பணிப்பாளர்கள் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும், கணக்காய்வாளரின் சான்றும் வேண்டும். கையில் காசு இருக்கிறது என்பது மட்டும் போதாது. கொடுத்த பிறகும் தவணைக்கு வரும் கடனைக் கட்டவும், பொறுப்புகளையும் பங்கு மூலதனத்தையும் கூட்டிய தொகையை விடச் சொத்து கூடுதலாக இருக்கவும் வேண்டும். விநியோகத்தருக்கு நான்கு மாதம் நிலுவை வைத்துக்கொண்டு பங்கிலாபம் கொடுக்கும் கம்பனியின் பணிப்பாளர் தன் சொந்தப் பொறுப்பிலேயே கையெழுத்திடுகிறார்.

சிறு பங்குதாரருக்கு வருவோம். ஆண்டறிக்கையில் தலைவரின் செய்தியை விட்டுவிட்டு, தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பைத் திறவுங்கள். அரசாங்கத்தோடு தொடர்புடைய கம்பனிகளுக்கு 24ஆம் இலக்கக் கணக்கீட்டு நியமம் ஒரு சலுகை கொடுக்கிறது: ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் தொடர்பின் தன்மையையும் தனித்தனியாக முக்கியமான கொடுக்கல் வாங்கல்களையும் சொல்லியாக வேண்டும். அரச வங்கி வைப்பு, அரச நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய கடன், இவற்றின் தொகை இரண்டு மூன்று ஆண்டுகளாக எப்படி ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள். வரவேண்டிய கடன் மட்டும் ஏறி வருமானம் ஏறாவிட்டால், கம்பனி யாருக்கோ வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது என்று அர்த்தம். அதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள், கேட்ட கேள்வியும் பதிலும் குறிப்பில் வரவேண்டும் என்றும் கேளுங்கள்.

அரச பங்கு 25 வீதத்தைத் தொட்டிருந்தால் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். “அரசியல் தலையீடு பற்றிய விவரம்” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. “இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில் அமைச்சிலிருந்து பணிப்பாளர் நியமனம் குறித்து வந்த கடிதங்களின் பிரதிகள்” என்று கேட்க வேண்டும். வர்த்தக இரகசியம் என்று ஒரு பகுதியை மறுக்கலாம், அப்படியானால் மீதியைத் தரும்படி கேளுங்கள்.

நீதிமன்றம் கடைசிப் படி. 224, 225ஆம் பிரிவுகளின்படி அடக்குமுறை, தவறான நிர்வாகம் குறித்து முறையிட 5 வீதப் பங்கை ஆறு மாதமாக வைத்திருக்க வேண்டும். சிலர் சேர்ந்தும் அந்த வீதத்தை எட்டலாம். கம்பனிக்கே நட்டம் ஏற்பட்டு, சபை வழக்குப் போட மறுத்தால், 234ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற அனுமதியோடு கம்பனியின் பெயரில் வழக்குப் போடலாம். இந்தப் பிரிவுக்குப் பங்கு வீத வரம்பு இல்லை. அங்கே உங்களுக்கு வேண்டிய சாட்சியம், மேலே சொன்ன கூட்டக் குறிப்பும் ஆண்டறிக்கைக் குறிப்பும் தகவல் கோரிக்கைக்கு வந்த பதிலும்தான். சட்டத்தரணியைப் பார்க்கப் போகும் முன் மூன்றையும் ஒரு கோப்பில் திகதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.